நீ ஒண்ணும் யோசிக்காண்டாம் மக்கா

அம்மா இறந்த அன்று ஆஸ்பத்திரி கவுண்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். இறந்தவர் பெயர், வயது, கணவர் பெயர், முகவரி, ஆதார் எண் என்று பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் இருந்திருக்கும். எனக்கு அப்போது 28 வயது. எஞ்சினியரிங் முடித்தவன். அந்தத் தாளை வாசிக்கக்கூட இல்லாமல், பக்கத்தில் நின்ற சித்தப்பா முறையுள்ள ஒருவரிடம் நீட்டினேன். அவரும் கண்ணாடி கொண்டு வரவில்லை. அவசரத்தில் தனக்குத் தெரிந்தபடி நிரப்பிக் கொடுத்தார், கீழே கையெழுத்து மட்டும் நான் போட்டேன். அம்மாவின் பென்ஷன் புத்தகத்திலும் ஆதாரிலும் நிலத்தின் ஆவணத்திலும் அவளுடைய அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். படிவத்தில் சித்தப்பா எழுதியது என் அப்பாவின் முதலெழுத்து. அந்த ஒரு எழுத்து மாறியதைத் திருத்தி முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று.

இது நடந்தது 2022 ஜூன் 19. மூன்று வருடம் ஆகிவிட்டது. இந்த மூன்று வருடத்தில் நான் இழந்த பணத்தையும், எப்படி இழந்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். என்னைப் போல ஒற்றைப் பிள்ளையாகச் செல்லமாக வளர்ந்தவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் நேரத்தோடு வாசித்தால் போதும். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், திருவட்டாறுக்கும் குலசேகரத்துக்கும் இடையில். அப்பா போகும்போது எனக்கு நாலு வயது. அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை, வீட்டில் ஆச்சி. தகப்பனில்லாத பிள்ளை என்று ஊரே என்னைத் தாங்கியது. சாளை மீனுக்கு முள் அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் வைக்கிற நாளில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு மீனையும் நடுவில் பிளந்து, முதுகெலும்பை ஒரே இழுப்பில் எடுத்து, ஓரத்து முள்ளை விரலால் தடவித் தடவிப் பார்த்து, வெறும் சதையை என் தட்டில் வைப்பாள். காலேஜ் முடிக்கும் வரை இது நடந்தது. அதைப் பாசம் என்றுதான் நினைத்தேன். இப்போதும் பாசம்தான் என்கிறேன். ஆனால் முள் எங்கே இருக்கும் என்று என் நாக்குக்குத் தெரியாமலே போய்விட்டது.

மெக்கானிக்கல் எடுக்கச் சொன்னது அம்மா. சட்டை எடுப்பது அம்மா. யாரோடு டூர் போகலாம், யாரோடு போகக் கூடாது என்பதும் அவள்தான். நான் ஏதாவது கேட்க வாய் திறந்தால், "நீ ஒண்ணும் யோசிக்காண்டாம் மக்கா, அம்மை பாத்துக்கிடுதேன்" என்பாள். 2016இல் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பதினோரு வாரம் இருந்தேன். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு நாள் போனில் சொன்னேன். மறுவாரம் அம்மாவே டிக்கெட் எடுத்து என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டாள். வீட்டுப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் லேப் வேலை, 14,000 ரூபாய் சம்பளம். அதுவும் அம்மா பேசி வாங்கியது. சம்பளத்தை அவளிடம் கொடுத்துவிட்டு பெட்ரோலுக்குக் காசு வாங்கிக்கொள்வேன். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை, சந்தோஷமாக இருந்தேன்.

பதினாறு அடியந்திரம், அதாவது பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் வீட்டில் ஆள் இருந்தது. பந்தல்காரர், சமையல், ஐயர், எல்லாவற்றையும் மாமாமார் பார்த்துக்கொண்டார்கள். பதினேழாம் நாள் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். அது சரிதானே, அவர்களுக்கும் வேலை உண்டு. நான் அம்மாவின் போனை அணைத்து பீரோவில் வைத்தேன். விஷயம் தெரியாதவர்கள் "டீச்சர் இருக்காங்களா" என்று கூப்பிடுவதைத் தாங்க முடியவில்லை. அது எவ்வளவு பெரிய தப்பு என்று செப்டம்பரில்தான் தெரிந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டில் லைட் எரிகிறது. இருட்டில் திண்ணையில் உட்கார்ந்து, யாரைக் கூப்பிடுவது என்று போனில் பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாமி வந்து, "பில்லு கெட்டினியா மக்கா?" என்று கேட்டார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கரண்ட் பில் வரும் என்பதே என் மனதில் இல்லை. பில் குறுஞ்செய்தி அம்மாவின் எண்ணுக்குத்தான் போயிருக்கிறது. பீஸைப் பிடுங்கிப் போயிருந்தார்கள். வங்கியின் தகவல், கேஸ் புக்கிங் எல்லாமே அந்த எண்ணில்தான். மறுபடி ஆன் செய்தபோது ரீசார்ஜ் முடிந்திருந்தது, அதையும் அப்படியே விட்டேன். சில மாதத்தில் அந்த எண்ணே போய்விட்டது.

ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பெரியவர் ஒருவர் போனால் அவருடைய சிம்மை ஒரு வருடமாவது ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள். தினமும் ஒரு தடவை அதில் என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். கரண்ட் அட்டையில் இருக்கும் இணைப்பு எண், வீட்டு வரி ரசீது, கேஸ் புத்தகம் மூன்றையும் முதல் வாரத்திலேயே தேடி எடுத்துப் போட்டோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். அழுகிற நேரத்தில் இதெல்லாமா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

இரண்டாவது அடி பென்ஷன். அம்மா 2017இல் ஓய்வு பெற்றவள், மாதம் 29,400 ரூபாய் வந்துகொண்டிருந்தது. அவள் ஏடிஎம் கார்டின் ரகசிய எண் என் பிறந்த வருடம். அவள் இருக்கும்போதே பணம் எடுத்துவர என்னைத்தான் அனுப்புவாள். அதனால் அவள் போன பிறகும் நான் பழக்கப்படி எடுத்தேன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் நாலு மாதமும் பணம் வந்தது. வருகிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டேன். ஏன் வருகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். பென்ஷன் வாங்குபவர் இறந்தால் கருவூலத்துக்கு உடனே எழுதிக் கொடுக்க வேண்டும். இறந்த நாள் வரைக்கும் உள்ளதுதான் நமக்கு உரியது, அதற்குப் பிறகு வந்ததைத் திருப்பிக் கட்ட வேண்டும். அக்டோபரில் அம்மாவோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் வீட்டுக்கு வந்தபோது பேச்சுவாக்கில் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "திருட்டுப் பணம்னு ஆயிரும்டே" என்றார். அன்று இரவு நான் தூங்கவில்லை. மூன்று மாதத்துக்கு 88,200, ஜூன் மாதத்தில் பதினோரு நாளுக்கு 10,780, ஆக மொத்தம் 98,980 ரூபாய். பாதிக்கு மேல் செலவழித்திருந்தேன். அம்மாவின் வளையல் இரண்டை அடகு வைத்துக் கட்டினேன். அதைத் திருப்பி எடுத்தது போன வருடம்தான்.

வங்கியில் இன்னொன்று கற்றேன். அம்மாவுக்கு இரண்டு வங்கியில் கணக்கு. ஒன்றில் என்னை நாமினியாகப் போட்டிருந்தாள். அங்கே இறப்புச் சான்றும் என் அடையாள அட்டையும் காட்டி, ஒரு படிவம் நிரப்பினேன், பணம் வந்துவிட்டது. இன்னொன்றில் நாமினி இல்லை. வாரிசுச் சான்று, ஜாமீன் கையெழுத்து, முத்திரைத் தாளில் உறுதிமொழி என்று அலைய வேண்டியிருந்தது. இன்றைக்கே உங்கள் அம்மா அப்பாவின் பாஸ்புக்கை எடுத்து நாமினி பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். நாமினி என்றால் பணத்தைக் கையில் வாங்கும் பொறுப்பாளர் மட்டும்தான், உரிமை வாரிசுகளுக்குத்தான் என்பதையும் கூடவே தெரிந்துகொள்ளுங்கள். அண்ணன் தம்பி உள்ள வீட்டில் இது தெரியாமல்தான் சண்டை வருகிறது.

வாரிசுச் சான்றுக்கு அலைய ஆரம்பித்தபோதுதான் அந்த மனிதர் வந்தார். பெயர் வேண்டாம். ஆபீஸ்களுக்குப் பக்கத்தில் ஒரு சாயாக்கடையில் உட்கார்ந்திருப்பார், எல்லாரும் "சாரே" என்று கூப்பிடுவார்கள். நான் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு எங்கே போவது என்று தெரியாமல் நின்றேன். எங்கள் பக்கத்துக் கிராமங்கள் முன்பு கல்குளம் தாலுகாவில் இருந்தவை, பிறகு திருவட்டாறு தனித் தாலுகா ஆயிற்று. ஆவணத்தில் ஒன்று, இப்போது இருப்பது இன்னொன்று. நிலத்துக்குப் பழைய சர்வே எண் ஒன்று, ரீசர்வே எண் ஒன்று. மூல ஆவணம் திருவிதாங்கூர் காலத்தது, மலையாளத்தில் எழுதியது. கவரில் உள்ள ஒரு தாளும் எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு சாயா வாங்கிக் கொடுத்து, தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீ ஒண்ணும் யோசிக்காண்டாம் மக்கா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் என் உடம்பில் ஏற்பட்டதை இன்றும் மறக்கவில்லை. நாலு மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இறங்கியது. கண் கலங்கிவிட்டது. அவர் யார், என்ன வேலை செய்கிறார், எவ்வளவு ஆகும், ரசீது உண்டா, ஒன்றுமே கேட்கவில்லை. அன்றைக்கே பத்தாயிரம் கொடுத்தேன். அடுத்த மாதம் பத்தாயிரம், டிசம்பரில் ஏழாயிரத்து ஐந்நூறு, ஆக 27,500 ரூபாய். "இன்னும் ஒரு கையெழுத்து பாக்கி", "ஆபீசர் லீவு", "இனிஷியல் மாறிக் கெடக்கு, அதுக்குத் தனியா செலவு உண்டும்" என்று மாதக்கணக்கில் போனது. அவர் சாமர்த்தியசாலி என்றுகூட இப்போது எனக்குத் தோன்றவில்லை. அம்மா பேசுகிற மாதிரி பேசினார், அவ்வளவுதான். 28 வருடமாக என் சார்பில் முடிவெடுக்கும் நாற்காலி ஒன்று வீட்டில் இருந்தது, அதில் அம்மா இருந்தாள். அவள் போனதும் அந்த நாற்காலியில் நான் உட்காரவில்லை. யார் வந்து உட்காருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தைரியமான குரலில் பேசிய முதல் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

செல்லமாக வளர்த்தால் பிள்ளை சோம்பேறி ஆகும், வேலை செய்யாது என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் சோம்பேறியாக இருந்ததில்லை. துணி துவைப்பேன், ரப்பர் ஷீட் அடிப்பேன், தென்னைக்குத் தடம் எடுப்பேன். சொன்ன வேலையை எல்லாம் செய்வேன். சொல்ல ஆள் வேண்டும், அதுதான் என் வியாதி. அது வெளியே தெரியாது. எல்லாரும் "தங்கமான பையன், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டான்" என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஆளிடம் இருந்து எப்படி வெளியே வந்தேன் என்றால், ஜனவரியில் அவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். வேறு வழி இல்லாமல் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நேராக கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். வாசலில் அரை மணி நேரம் நின்றேன். ஆம்பிளைப் பையனுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டுவிடுவாரோ என்ற வெட்கம். என்னைப் பல மாதம் வாய் மூட வைத்தது அந்த வெட்கம்தான், பணத்தைவிட அதுதான் அதிகம் தின்றது. உள்ளே போய், "சார், எனக்கு ஒண்ணும் தெரியாது, முதல்ல இருந்து சொல்லித் தாருங்க" என்றேன். அவர் கேலி செய்யவில்லை. ஒரு துண்டுத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார். முதலில் இறப்புச் சான்றில் இனிஷியலைத் திருத்து, ஆதாரும் பென்ஷன் புத்தகமும் கொண்டு போ. பிறகு இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பி. எங்களிடம் வரும், வருவாய் ஆய்வாளரிடம் போகும், தாசில்தார் தருவார். அதன் பிறகு பட்டா மாற்றம். இ-சேவை மையத்தில் நான் கொடுத்த கட்டணம் 60 ரூபாய். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு மையத்துக்கு வெளியே நின்றேன். 27,500 ரூபாய் கொடுத்துக் கிடைக்காத காரியத்துக்கு 60 ரூபாய் ரசீது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

இந்த இடத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள், ஆனால் நீங்கள் எழுதிக் கொடுக்கும் பெயர்தான் சான்றில் வரும். அதனால் அந்தப் படிவத்தை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். எவ்வளவு அழுதாலும் சரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக நீங்களே நிரப்புங்கள். பெண்களுக்கு அப்பா இனிஷியல் ஒரு இடத்திலும் கணவர் இனிஷியல் இன்னொரு இடத்திலும் இருப்பது நம் பக்கம் சாதாரணம். உங்கள் அம்மாவின் தாள்களை இப்போதே எடுத்துப் பாருங்கள். நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், பட்டாவையும் வீட்டில் இருந்தே பார்க்கலாம். இதற்கெல்லாம் ஆள் பிடிக்கத் தேவையே இல்லை.

இனி ரப்பர். இதை எழுதத்தான் எனக்கு மிகவும் கஷ்டம். எங்களுக்கு 70 சென்டில் 130 மரம். ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு அண்ணன் வந்து வெட்டுவார் (பாலுக்காகப் பட்டையைச் சீவுவதைத்தான் வெட்டு என்போம்), அம்மா சின்னப் பெண்ணாக இருந்த காலம் முதல் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கம் உள்ள வீடு. பால் எடுத்து, ஆசிட் ஊற்றி உறைய வைத்து, ரோலரில் அடித்து, ஷீட்டை அம்மாதான் எண்ணி அடுக்குவாள். கணக்கு அவளோடு. அவள் போன பிறகு ஷீட் எத்தனை, விலை என்ன, வெட்டுக்காரருக்கு எவ்வளவு என்று என்னைக் கேட்டபோது எனக்கு எரிச்சல் வந்தது. தினமும் ஒரு முடிவு கேட்டு நிற்கிறாரே என்று இருந்தது. அந்த நேரத்தில் தூரத்துச் சொந்தம் ஒருவர் ஆளைக் கூட்டி வந்தார். மரத்தை இரண்டு வருடத்துக்கு மொத்தமாக அவரிடம் விட்டுவிட்டால் 65,000 ரூபாய் உடனே கையில். "உனக்கு எதுக்குப் பிள்ளே இந்த வெப்ராளம், எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம்." மறுபடியும் அதே வார்த்தை. பென்ஷன் பணம் கட்ட வேண்டிய நேரமும் அதுதான். 2022 அக்டோபர் கடைசியில் கையெழுத்துப் போட்டேன். வெட்டு முடிந்ததும் மரத்தை முறித்து எடுக்கும் தடியும் அவருக்கே என்று ஒரு வரி இருந்தது. அதைக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வாசித்தேன்.

ஒரு வாரம் கழித்து அந்த அண்ணன் என்னைக் கூப்பிட்டு ரப்பர் நிற்கும் விளைக்குக் கூட்டிப் போனார். ஒன்றும் பேசாமல் ஒரு மரத்தைக் காட்டினார். ஒழுங்காக வெட்டுகிற மரத்தில் பட்டையின் ஒரு பக்கத்தில் சரிவாக ஒரே ஒரு கோடு இருக்கும். மறுபக்கம் ஆறட்டும் என்று விட்டிருப்பார்கள். இந்த மரத்தில் நாலு பக்கமும், கைக்கு எட்டுகிற உயரத்துக்கு மேலேயும், ஏணி வைத்து வெட்டியிருந்தார்கள். பட்டைக்குள் இருக்கும் தடியே வெள்ளையாகத் தெரிந்தது. சிரட்டைகளில் பால் நிரம்பி வழிந்து கீழே மண்ணில் உறைந்து கிடந்தது. "இது கடும்வெட்டு மக்கா. மரத்தை முறிக்கப் போறவன் செய்யுததாக்கும். இந்த மரத்துக்கு இன்னும் பத்துப் பன்னெண்டு வருஷம் ஆயுசு உண்டு. அம்மை நட்டது எந்த வருஷம்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வீட்டுக்கு வந்து அம்மாவின் பீரோவைத் திறந்தேன். சேலைக்கு அடியில் ஒரு நீள நோட்டு இருந்தது. நீல மையில், பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதுகிற அதே ஒழுங்கான எழுத்தில் எல்லாம் இருந்தது. 2007இல் நட்டது, 2014இல் வெட்டு ஆரம்பித்தது, ஒவ்வொரு மாதமும் எத்தனை ஷீட், சிரட்டையிலும் பட்டையிலும் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் எத்தனை கிலோ, எந்த விலைக்குப் போனது, அண்ணனுக்குப் பாதிக் கணக்கு. கடைசிப் பக்கங்களில் கரண்ட் இணைப்பு எண், கருவூலத்தின் போன் நம்பர், பென்ஷனில் மாதாமாதம் பிடிக்கிற குடும்பப் பாதுகாப்பு நிதியைப் பற்றி ஒரு குறிப்பு, இரண்டாவது வங்கியில் "நாமினி போடணும்" என்று ஒரு வரி, அதன் அடியில் கோடு. நாலரை மாதம் அந்த நோட்டு என் கட்டிலில் இருந்து ஆறடி தூரத்தில் இருந்திருக்கிறது. யாரிடமாவது கேட்க வேண்டும் என்று ஊர் முழுக்க அலைந்தவனுக்கு, வீட்டில் தேடிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த நோட்டின்படி வருடத்துக்கு 400 கிலோ ஷீட்டுக்குக் குறையாது. கிலோவுக்கு 150 ரூபாய் வைத்தால் 60,000, பாதி எங்களுக்கு 30,000. பன்னிரண்டு வருடத்துக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல். ஒட்டுப்பாலும் தடியும் தனி. இதை எல்லாம் 65,000 ரூபாய்க்குக் கொடுத்திருக்கிறேன். அந்த அண்ணனின் வருமானமும் என் கையெழுத்தால் போயிற்று. பணத்தைவிட அதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது. ஒப்பந்தத்தை முறிக்க முடியுமா என்று ஒரு வக்கீலைப் பார்த்தேன். கையெழுத்து உன்னுடையது, பணமும் வாங்கியாயிற்று என்றார்.

அந்த இரவு அம்மாவின் மேல் கோபம் வந்தது. இவ்வளவும் தெரிந்தவள் எனக்கு ஒரு வரி சொல்லித் தரவில்லையே, ஷீட் எண்ணும்போது பக்கத்தில் உட்கார வைத்து ஒரு நாள் இந்த நோட்டை என்னிடம் எழுதச் சொல்லவில்லையே என்று வாய்விட்டுக் கத்தினேன். பிறகு அதற்காக இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. நாலு வயதுப் பிள்ளையோடு தனியாக நின்ற ஒருத்தி, தனக்கு வந்த கஷ்டத்தின் காற்றுகூட என் மேல் படக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். கோபமும் அந்த நன்றியும் இன்றைக்கும் எனக்குள் சேர்ந்தேதான் இருக்கிறது. ஒன்று போய் ஒன்று வரவில்லை.

கற்றுக்கொண்டது மெதுவாகத்தான். நவம்பரில் ஒரு கல்யாணத்துக்குச் சட்டை எடுக்க மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்குப் போனேன். இரண்டு சட்டை, ஒன்று இளம்பச்சை, ஒன்று சாம்பல். முக்கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் இரண்டையும் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் அம்மாவுக்கு அனுப்பிவிட்டேன். பழக்கத்தில் கை போய்விட்டது. ஒற்றை டிக்கோடு அது நிற்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்று முழுதாகப் புரிந்தது. இளம்பச்சையை எடுத்தேன். எனக்குப் பொருந்தவில்லை. இன்றும் அதைப் போடுகிறேன், நானே எடுத்த முதல் சட்டை அது.

அதற்குப் பிறகு சில பழக்கங்களை வைத்துக்கொண்டேன். அம்மாவின் நோட்டில் மிச்சம் இருந்த பக்கங்களில், யாரிடமும் எதையும் கேட்பதற்கு முன்னால், எனக்கு என்ன தோன்றுகிறது என்று இரண்டு வரி எழுதுவேன். தப்பாக இருந்தாலும் எழுத வேண்டும். அதன் பிறகுதான் கேட்பேன். அப்போது மற்றவர் சொல்வதை நம் யோசனையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஒன்றும் எழுதாமல் போனால் அவர் சொல்வது அப்படியே நம் முடிவாகிவிடும். பணம், நிலம் சம்பந்தப்பட்ட எந்தத் தாளிலும் அன்றைக்கே கையெழுத்துப் போடுவதில்லை. போட்டோ எடுத்துக்கொண்டு வந்து, இரவு ஒரு தடவை, காலையில் ஒரு தடவை சத்தமாக வாசிப்பேன். இன்றே போட வேண்டும் என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுவேன். ஒரே கேள்வியை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்பேன், அதில் ஒருவராவது அந்தக் காரியத்தில் பத்துப் பைசா லாபம் இல்லாதவராக இருக்க வேண்டும். அந்த வெட்டுக்கார அண்ணனை நான் கையெழுத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் 130 மரமும் நின்றிருக்கும். படித்தவன், அவரிடம் என்ன கேட்பது என்று நினைத்தேனோ என்னவோ. அப்புறம், "நீ யோசிக்காதே" என்று யார் சொன்னாலும், எவ்வளவு அன்பானவராக இருந்தாலும், அந்த இடத்தில்தான் இன்னும் கவனமாக யோசிக்க வேண்டும் என்று மனதில் ஒரு மணி அடிக்கப் பழக்கியிருக்கிறேன்.

பிள்ளை வளர்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அன்பைக் குறைக்கச் சொல்லவில்லை. கரண்ட் பில்லை இந்த மாதம் அவன் கையால் கட்டட்டும். சந்தைக்கு 200 ரூபாய் கொடுத்து அனுப்புங்கள், என்ன மீன் என்று சொல்லாமல் அனுப்புங்கள். கெட்டுப்போன சீத்த மீன் வாங்கி வருவான். வரட்டும், அதையே கறி வைத்துக் கொடுங்கள், அடுத்த தடவை செவுளைத் திறந்து பார்ப்பான். வங்கிக்குப் போகும்போது கூட்டிப் போய், படிவத்தை அவனை நிரப்பச் சொல்லி நீங்கள் வாசித்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் ஐம்பது ரூபாய் தொலைத்துப் பழகாததால் நான் 28 வயதில் லட்சக்கணக்கில் தொலைத்தேன். என் மாமா மகள் அவள் பையனுக்கு எட்டு வயதிலும் சோறு ஊட்டுகிறாள். போன மாதம் போயிருந்தபோது அவளிடம் இதையெல்லாம் சொன்னேன். முகம் வாடிவிட்டது. சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஒப்பந்தம் முடிந்து, இந்த வருடம் ஆரம்பத்தில் மரத்தை எல்லாம் முறித்துக் கொண்டு போனார்கள். விளை வெட்டவெளியாகக் கிடந்தது. ஜூன் மழையில் நானும் அந்த அண்ணனும் சேர்ந்து புதுக் கன்று வைத்தோம், எந்த இனம், எத்தனை அடி இடைவெளி என்று மூன்று இடத்தில் விசாரித்து நானே முடிவெடுத்தேன். வெட்டு எடுக்க ஏழு வருடம் ஆகும். பாதிப் பங்கு அவருக்குத்தான் என்று இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரப்பர் வளர்கிற வரைக்கும் ஊடே அன்னாசி போட இடத்தைப் பாட்டத்துக்கு (குத்தகைக்கு) கேட்டு போன வாரம் ஒருவர் வந்தார். மூன்று வருடம், நல்ல தொகைதான் சொன்னார், தாளும் பேனாவும் கையோடு கொண்டு வந்திருந்தார். அன்னாசிக்குப் போடுகிற உரமும் மருந்தும் கன்றுக்கு என்ன செய்யும், மூன்றாம் வருடம் செடியைப் பிடுங்கி நிலத்தைச் சுத்தம் செய்து தருவது யார் பொறுப்பு, கன்று பட்டுப்போனால் யார் வைத்துத் தருவது என்று கேட்டேன். அதெல்லாம் தாளில் இல்லை. தாளைப் போட்டோ எடுத்துக்கொண்டு, நோட்டில் என் யோசனையை எழுதி வைத்திருக்கிறேன். அண்ணனிடமும் அன்னாசி போட்ட இன்னும் இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும். அவரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.